டைப் மிஸ்மேட்ச்: பதற வேண்டாம், பார்மட்டும் வேண்டாம்!

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்களே ஆனவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் எர்ரர் மெசேஜ்களுக்குத்தான் முதலிடம். "பிரிண்டரில் பேப்பர் இல்லை" என்று மெசேஜ் வந்தால் யாருக்கும் புரியும். "டிஸ்க்கில் இடம் இல்லை" என்றாலும் புரியும். ஆனால் "ரன்டைம் எர்ரர் 13: டைப் மிஸ்மேட்ச்" என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. ஓகே கிளிக் செய்தால் புரோகிராமே மூடிக் கொள்கிறது. மறுபடி திறந்தால் மறுபடியும் அதே பெட்டி. இப்போது என்ன செய்வது?

பலர் உடனே வைரஸ் என்று முடிவு கட்டி விடுகிறார்கள். சிலர் புரோகிராமை நீக்கிவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்கிறார்கள். இன்னும் சிலர் கம்ப்யூட்டரையே பார்மட் செய்யத் துணிந்து விடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இவை எதுவுமே தேவையில்லை. புரோகிராம் சேமித்து வைத்த ஏதோ ஒரு செட்டிங் மட்டும் தவறான வகையில் பதிந்திருக்கும். அந்த ஒன்றைச் சரி செய்தால் போதும். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

செட்டிங்குகள் எங்கே இருக்கின்றன?

ஒரு புரோகிராமில் எழுத்தின் அளவை மாற்றுகிறீர்கள். பில் இரண்டு காப்பி வர வேண்டும் என்று அமைக்கிறீர்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுநாள் திறந்தாலும் அவை அப்படியே இருக்கின்றன அல்லவா? அப்படியானால் அவை எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

1992ல் வந்த விண்டோஸ் 3.1 காலத்தில் இவை பெரும்பாலும் "ஐஎன்ஐ" என்ற துணைப் பெயர் கொண்ட பைல்களில் இருந்தன. நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு வரியில் செட்டிங்கின் பெயர், சமக் குறி, அதன் மதிப்பு. அவ்வளவுதான். இன்றும் பல சிறிய புரோகிராம்கள் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. விண்டோஸ் 95 வந்த பின்னர் "ரிஜிஸ்ட்ரி" என்ற பொதுவான கிடங்கு பரவலாகப் பயன்பாட்டிற்கு வந்தது. ஆண்ட்ராய்ட் போனில் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனியாக எக்ஸ்எம்எல் பைல் உண்டு. இடம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஒரு பெயரைச் சொல்லி, அதற்குரிய மதிப்பை எழுதி வைப்பது; அடுத்த முறை அதே பெயரைச் சொல்லி மதிப்பைக் கேட்டு வாங்குவது.

வகை என்றால் என்ன?

எண்ணெயை லிட்டரில் கேட்கிறோம். துணியை மீட்டரில் கேட்கிறோம். அரிசிக் கடையில் போய் "இரண்டு மீட்டர் அரிசி" என்று கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? விழிப்பார். கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு மதிப்பும் எந்த வகையைச் சேர்ந்தது என்பது முக்கியம். எண் ஒரு வகை. எழுத்துக்களின் தொகுப்பு இன்னொரு வகை; இதனை ஸ்டிரிங் அல்லது டெக்ஸ்ட் என்பார்கள். ஆம், இல்லை என்ற இரண்டே பதில் கொண்டது மூன்றாவது வகை. தேதி இன்னொன்று. இந்த வகையைத்தான் "டேட்டா டைப்" என்கிறோம். எதிர்பார்த்த வகை ஒன்று, கிடைத்த வகை வேறொன்று என்றால் அதுதான் டைப் மிஸ்மேட்ச்.

"16 என்பது எப்படி எழுதினாலும் 16 தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நம் கண்ணுக்கு அப்படித்தான். கம்ப்யூட்டருக்கு அப்படியல்ல. எக்ஸெல் வைத்திருப்பவர்கள் இதனை உடனே சோதித்துப் பார்க்கலாம்.

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, ஒரு செல்லில் 044 என்று டைப் செய்து என்டர் தட்டவும். சென்னையின் எஸ்டிடி குறியீடு 44 ஆகிவிடும். எக்ஸெல் அதனை எண்ணாக எடுத்துக் கொண்டு, முன்னால் உள்ள பூஜ்யத்திற்கு மதிப்பில்லை என்று நீக்கிவிட்டது. அடுத்த செல்லில் முதலில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை டைப் செய்து, அதனை ஒட்டி 044 என்று டைப் செய்யவும். இப்போது பூஜ்யம் அப்படியே இருக்கும். ஏனெனில் இது டெக்ஸ்ட். எண்கள் செல்லின் வலப்பக்கம் ஒதுங்கி நிற்பதையும், டெக்ஸ்ட் இடப்பக்கம் நிற்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு சோதனை. ஏ1 செல்லில் 10 என்று எண்ணாகக் கொடுங்கள். ஏ2 செல்லில் மேற்கோள் குறியுடன் 20 கொடுங்கள். கீழே ஏ1 முதல் ஏ2 வரை "சம்" பார்முலா போட்டுக் கூட்டினால் விடை 30 வராது; 10 தான் வரும்! டெக்ஸ்ட்டாக உள்ள 20ஐ "சம்" கணக்கில் எடுத்துக் கொள்வதே இல்லை. எர்ரர் மெசேஜும் வராது. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுபவர்கள் இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கூட்டுத் தொகை குறைவாக வந்தால், எந்த எண் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

ரிஜிஸ்ட்ரியில் நேரில் பார்க்கலாம்

இப்போது விண்டோஸ் தன் செட்டிங்குகளை எப்படி வகை பிரித்து வைத்திருக்கிறது என்று பார்ப்போம். இப்போதைக்குப் பார்ப்பது மட்டும்தான். எதையும் மாற்ற வேண்டாம்.

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் ரன் பெட்டியில் ரெஜ்எடிட் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். அனுமதி கேட்டால் எஸ் கிளிக் செய்திடவும். ரிஜிஸ்ட்ரி எடிட்டர் திறக்கும். இடப்பக்கம் எச்கீ கரண்ட் யூசர் என்பதனை விரித்து, அதில் கண்ட்ரோல் பேனல், அதனுள் டெஸ்க்டாப் என்று செல்லவும்.

வலப்பக்கம் நேம், டைப், டேட்டா என்று மூன்று பத்திகள் தெரியும். நடுவில் உள்ள டைப் பத்திதான் நம் கட்டுரையின் நாயகன்! இங்கு மெனு ஷோ டிலே என்று ஒரு வரி இருக்கும். மெனு திறக்க எத்தனை மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் செட்டிங் இது. வழக்கமான மதிப்பு 400. ஆனால் அதன் டைப்பைப் பாருங்கள். "ரெக் எஸ்இசட்" என்று இருக்கும். அப்படியென்றால் ஸ்டிரிங். 400 என்ற எண், இங்கு மூன்று எழுத்துக்களாகத்தான் பதிந்திருக்கிறது.

இனி அதே கரண்ட் யூசர் பிரிவில் சாப்ட்வேர், மைக்ரோசாப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்புளோரர், அட்வான்ஸ்ட் என்று வரிசையாகச் செல்லவும். அங்கு ஹைட் பைல் எக்ஸ்ட் என்ற வரி இருக்கும். பைல்களின் துணைப் பெயரை மறைக்கவா, காட்டவா என்பதைச் சொல்லும் செட்டிங். 1 என்றால் மறை. 0 என்றால் காட்டு. இதன் டைப் "ரெக் டிவேர்ட்". அதாவது 32 பிட் அளவுள்ள எண்.

இரண்டுமே நம் பார்வையில் எண்கள்தான். ஒன்று டெக்ஸ்ட்டாகவும் மற்றொன்று எண்ணாகவும் வைக்கப்பட்டுள்ளன. எழுதியவர்கள் அப்படி முடிவு செய்திருக்கிறார்கள். படிக்கும் புரோகிராமும் அப்படியே எதிர்பார்க்கிறது. "இந்த இடத்தில் இந்த மதிப்பைக் கொடுங்கள், கம்ப்யூட்டர் வேகமாகும்" என்று எங்காவது டிப்ஸ் படித்தால், மதிப்புடன் அதன் வகையையும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். வகை சொல்லாத டிப்ஸை நம்பி ரிஜிஸ்ட்ரியில் கை வைக்கக் கூடாது.

வகை எப்படி மாறுகிறது?

செட்டிங்கை எழுதியதும் அதே புரோகிராம்தான். படிப்பதும் அதே புரோகிராம்தான். பிறகு ஏன் இந்த மோதல்? நான் பார்த்த வரையில் நான்கு காரணங்கள்.

முதலாவது, காலிப் பெட்டி. செட்டிங் விண்டோவில் எண் இருக்க வேண்டிய பெட்டியை அழித்துவிட்டு, எதுவும் டைப் செய்யாமல் சேவ் கொடுத்து விடுகிறோம். காலியான டெக்ஸ்ட் சேமிக்கப்படுகிறது. அடுத்த முறை எண்ணை எதிர்பார்க்கும் புரோகிராம் திகைத்து நின்றுவிடுகிறது.

இரண்டாவது, அப்டேட். பழைய பதிப்பில் ஒரு செட்டிங்கை டெக்ஸ்ட்டாக வைத்திருப்பார்கள். புதிய பதிப்பில் அதனை எண்ணாக மாற்றியிருப்பார்கள். புதிதாக இன்ஸ்டால் செய்பவருக்குப் பிரச்சினையே வராது. பல ஆண்டுகளாகப் பயன்படுத்துபவரின் கம்ப்யூட்டரில் பழைய வகை காத்திருக்கும். அதனால்தான் "என் நண்பரிடம் நன்றாக வேலை செய்கிறது, என்னிடம் மட்டும் வரவில்லை" என்ற புகார் எழுகிறது.

மூன்றாவது, ரீஜினல் செட்டிங். நாம் பதினெட்டரையை 18.5 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். ஜெர்மனியில் 18,5 என்று கமா போட்டு எழுதுவார்கள். அங்கு புள்ளி என்பது ஆயிரத்தைப் பிரிக்கும் குறி. ஜெர்மனியில் இருக்கும் உறவினர் கொடுத்த லேப்டாப்பில் அந்த ஊர் செட்டிங் அப்படியே இருந்தால், விஷுவல் பேசிக்கில் எழுதப்பட்ட புரோகிராம் 18.5 என்ற டெக்ஸ்ட்டை 185 என்று எடுத்துக் கொள்ளலாம். வேறு சில நாட்டு செட்டிங்குகளில் எர்ரர் 13 தருவதும் உண்டு.

நான்காவது, கையால் செய்த மாற்றம். டிவேர்ட் இருக்க வேண்டிய இடத்தில் அதே பெயரில் ஸ்டிரிங் உருவாக்கி விடுவது.

பார்மட் செய்யச் சொன்னார்கள்!

இதெல்லாம் ஏதோ புரோகிராம் எழுதுபவர்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். எங்கள் பகுதியில் உள்ள மளிகைக் கடை அண்ணாச்சி, விஷுவல் பேசிக்கில் எழுதப்பட்ட பழைய பில்லிங் புரோகிராம் ஒன்றைப் பயன்படுத்துகிறார். ஒரு நாள் காலை அது திறக்க மறுத்தது. எர்ரர் 13, டைப் மிஸ்மேட்ச்.

"சார், சர்வீஸ் தம்பி வந்து பார்த்தாரு. அழிச்சிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாரு. சரியாகல. பார்மட் பண்ணினாத்தான் ஆகும்ங்கறாரு. ஆறு வருஷப் பாக்கிக் கணக்கு பூரா இதுலதான் இருக்கு" என்றார்.

"வேற எதுலயும் காப்பி எடுத்து வைக்கலையா அண்ணாச்சி?"

"அதெல்லாம் யாரு சொல்லித் தந்தா?"

முதல் வேலையாக, அந்தப் புரோகிராம் இருந்த போல்டர் முழுவதையும் பென் டிரைவில் காப்பி செய்தேன். பாக்கிக் கணக்கு உள்ள டேட்டாபேஸ் பைல் அதில்தான் இருந்தது. இனி என்ன ஆனாலும் கணக்கு போகாது.

அடுத்து யோசித்துப் பார்த்தேன். நாம் எதையும் டைப் செய்யும் முன்னரே எர்ரர் வருகிறது. திறக்கும்போதே புரோகிராம் படிப்பது அதன் செட்டிங்குகளைத்தான். நீக்கிவிட்டு இன்ஸ்டால் செய்தும் போகவில்லை. பல புரோகிராம்கள் நீக்கப்படும்போது தங்கள் பைல்களை எடுத்துச் செல்கின்றன. ரிஜிஸ்ட்ரியில் உள்ள செட்டிங்குகளை விட்டுச் செல்கின்றன. ஆகவே சந்தேகம் ரிஜிஸ்ட்ரி மீது விழுந்தது.

விஷுவல் பேசிக் தன் வழக்கமான கட்டளைகள் மூலம் சேமிக்கும் செட்டிங்குகளுக்கு ஒரு நிரந்தர முகவரி உண்டு. கரண்ட் யூசர் பிரிவில் சாப்ட்வேர், அதனுள் விபி அண்ட் விபிஏ புரோகிராம் செட்டிங்ஸ். அங்கு பில்லிங் புரோகிராமின் பெயரில் ஒரு கீ இருந்தது. இந்த முறையில் சேமிக்கும் எல்லாமே ஸ்டிரிங் வகைதான். அதிலிருந்து எண்ணாக மாற்றிக் கொள்வது புரோகிராமின் பொறுப்பு. கடைசி பில் எண், பிரிண்டர் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. காப்பி எண்ணிக்கை என்ற வரியில் மட்டும் டேட்டா காலி! முதல் நாள் இரவு கடைப் பையன் செட்டிங் விண்டோவில் எதையோ மாற்றப் போய், அந்தப் பெட்டியைக் காலியாக விட்டு சேவ் கொடுத்திருக்கிறான். செட்டிங் விண்டோவுக்குப் போய்த் திருத்தலாம் என்றால் புரோகிராம் திறந்தால்தானே போக முடியும்?

அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, காலியான வரியில் 2 என்று டைப் செய்து ஓகே கொடுத்தேன். புரோகிராம் திறந்தது. பாக்கிக் கணக்கு ஒன்றுவிடாமல் இருந்தது. கணக்கு உள்ள டிரைவை பார்மட் செய்திருந்தால், ஆறு வருடப் பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது?

இல்லாதது பரவாயில்லை!

இங்கு கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செட்டிங்கைப் படிக்கும்போது "இந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றால் இதனை வைத்துக் கொள்" என்று ஒரு மாற்று மதிப்பைப் புரோகிராம் எழுதுபவர் கொடுத்திருப்பார். இதனை டிபால்ட் என்கிறோம். புத்தம் புதிதாக இன்ஸ்டால் செய்த புரோகிராம் செட்டிங் எதுவும் இல்லாமலே ஓடுவது இதனால்தான்.

ஆனால் அந்த டிபால்ட், பெயரே இல்லாதபோது மட்டும்தான் உதவிக்கு வரும். பெயர் இருந்து, உள்ளே மதிப்பு காலியாகவோ வேறு வகையாகவோ இருந்தால் வராது. பையன் காலியாக விட்ட அந்த வரியையே நீக்கியிருந்தாலும் புரோகிராம் திறந்திருக்கும். ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான். செட்டிங் இல்லை என்றால் டிபால்ட் கிடைக்கும். செட்டிங் வேறு வகையில் இருந்தால் அப்ளிகேஷன் நின்றுவிடும்.

ஆகவே பழுதான ஒரு வரியை நீக்கினால் போதும்; புரோகிராம் தானே டிபால்ட் மதிப்பைப் போட்டுக் கொள்ளும். அதற்காக வீட்டையே இடிக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரே ஊகித்துக் கொள்ளக் கூடாதா?

"இவ்வளவு புத்திசாலிக் கம்ப்யூட்டர், காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக் கொள்ளக் கூடாதா?" என்று அண்ணாச்சியும் கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊகம் தவறினால் யாருக்கும் தெரியாமல் தவறும்.

மேலே பார்த்த 18.5, 185 ஆன கதையை நினைத்துப் பாருங்கள். பதினெட்டரை சதவீத லாபம் வைத்து விலை போட வேண்டிய புரோகிராம் 185 சதவீதம் போட்டுவிடும். எர்ரர் மெசேஜ் வராது. 05/08 என்ற தேதி நம் செட்டிங்கில் ஆகஸ்ட் 5; அமெரிக்க செட்டிங்கில் மே 8. அங்கும் எர்ரர் மெசேஜ் வராது.

எக்ஸெல் செய்த ஊகங்கள் விஞ்ஞானிகளையே படுத்தியிருக்கின்றன. மனித ஜீன்களில் மார்ச், செப்ட் என்று தொடங்கும் சுருக்கப் பெயர்கள் இருந்தன. மார்ச்1 என்று டைப் செய்தால் எக்ஸெல் அதனை மார்ச் 1ஆம் தேதி ஆக்கிவிடும். ஜீன் பட்டியலை எக்ஸெல் பைலாக இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்த வகைப் பிழை இருந்ததாக 2016ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கடைசியில் 2020ல் அந்த ஜீன்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்! 2023ல் மைக்ரோசாப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை எக்ஸெலில் தந்தது.

இதனுடன் ஒப்பிட்டால், "எனக்குப் புரியவில்லை" என்று நின்றுவிடும் டைப் மிஸ்மேட்ச் எர்ரர் எவ்வளவோ மேல். எந்த செட்டிங்கில் பிரச்சினை என்று பெயரைச் சொல்லிவிட்டு, டிபால்ட் மதிப்புடன் திறந்து கொள்ளும்படி எழுதுவதுதான் நல்ல புரோகிராம்.

மொபைல் போனில் என்ன நடக்கிறது?

ஆண்ட்ராய்ட் போனில் டைப் மிஸ்மேட்ச் என்ற சொல்லே உங்கள் கண்ணில் படாது. அப்ளிகேஷன் நின்றுவிட்டது என்ற மெசேஜ் மட்டும் வரும். உள்ளே நடப்பது அதேதான். ஒவ்வொரு செட்டிங்கும் எண், டெக்ஸ்ட், ஆம்/இல்லை என்ற வகையுடன் எக்ஸ்எம்எல் பைலில் எழுதப்படுகிறது. டெக்ஸ்ட்டாக எழுதியதை எண்ணாகக் கேட்டால் ஆண்ட்ராய்ட் தர மறுத்துவிடும். செட்டிங் திரைகளில் நாம் டைப் செய்யும் பெட்டியும், பட்டியலில் தேர்ந்தெடுக்கும் பெட்டியும் வழக்கமாக டெக்ஸ்ட்டாகவே சேமிக்கும். எழுதியவர் இதனை மறந்து எண்ணாகப் படித்தால் சிக்கல்தான்.

இந்த பைல்களைச் சாதாரணமாக நம்மால் திறக்க முடியாது. எனவே போன் செட்டிங்ஸில் ஆப்ஸ் பிரிவு சென்று, அப்ளிகேஷனைத் தேர்ந்தெடுத்து, ஸ்டோரேஜ் பகுதிக்குப் போகச் சொல்வார்கள். அங்கு இரண்டு பட்டன்கள் இருக்கும். இவற்றின் வித்தியாசம் தெரிய வேண்டும்.

கிளியர் கேஷ்: தற்காலிக பைல்கள் மட்டும் நீங்கும். ஆபத்தில்லை. ஆனால் செட்டிங்குகள் அங்கு இல்லை என்பதால் இந்தப் பிரச்சினை தீராது.

கிளியர் டேட்டா அல்லது கிளியர் ஸ்டோரேஜ்: செட்டிங்குகள் நீங்கும், அப்ளிகேஷன் திறந்துவிடும். ஆனால் அதனுடன் அந்த அப்ளிகேஷன் போனுக்குள் வைத்திருக்கும் டேட்டாபேஸும் சேர்ந்து போய்விடும். கணக்கு, குறிப்பு, சீட்டுப் பண விவரம் எல்லாம் போனில் மட்டும் இருந்தால் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

அன்இன்ஸ்டால் செய்து மீண்டும் இன்ஸ்டால் செய்தாலும் சில நேரங்களில் அதே எர்ரர் தொடரும். 2015ல் வந்த ஆண்ட்ராய்ட் 6 முதல், அப்ளிகேஷன்களின் செட்டிங்குகளைக் கூகுள் அக்கவுண்ட்டில் தானாகவே பேக்கப் எடுக்கும் வசதி உள்ளது. மீண்டும் இன்ஸ்டால் செய்கையில், பழுதான செட்டிங்கும் பேக்கப்பிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்து விடலாம்! எல்லா அப்ளிகேஷன்களும் இந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை. ஒன்றுக்கு 25 எம்பி என்ற வரம்பும் உண்டு. எனவே இந்த பேக்கப்பை மட்டும் நம்பிக் கிளியர் டேட்டா கொடுக்கவும் கூடாது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. மெசேஜை அப்படியே எழுதிக் கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். எர்ரர் எண் மிக முக்கியம்.

2. முதலில் டேட்டாவைக் காப்பி செய்யுங்கள். புரோகிராமின் போல்டரையும், டாக்குமென்ட்ஸ் போல்டரில் அதன் பெயரில் ஏதேனும் இருந்தால் அதனையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். போனில், அப்ளிகேஷன் சிறிது நேரமாவது திறந்தால் அதன் எக்ஸ்போர்ட் அல்லது பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள்.

3. எர்ரர் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஏதோ ஒன்றை டைப் செய்தவுடன் வந்தால், நீங்கள் கொடுத்த தகவலில் பிழை இருக்கலாம். திறந்தவுடனே, ஒவ்வொரு முறையும் வந்தால் செட்டிங்கைச் சந்தேகப்படுங்கள்.

4. விண்டோஸில் இன்னொரு யூசர் அக்கவுண்ட் உருவாக்கி, அதில் புரோகிராமைத் திறந்து பாருங்கள். கரண்ட் யூசர் பிரிவில் உள்ள செட்டிங்குகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. அங்கு நன்றாகத் திறந்தால் புரோகிராமில் பழுதில்லை. உங்கள் செட்டிங்கில்தான் பழுது.

5. ரீஜினல் செட்டிங்கில் நாடு, தசமக் குறி, தேதி அமைப்பு சரியாக உள்ளதா என்று பாருங்கள்.

6. புரோகிராம் திறக்குமானால் அதன் மெனுவில் ரீசெட் அல்லது ரீஸ்டோர் டிபால்ட்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். இதுதான் பாதுகாப்பான வழி.

7. ரிஜிஸ்ட்ரியில் திருத்தியே ஆக வேண்டும் என்றால், விவரம் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக் கொண்டு செய்யுங்கள். அந்தப் புரோகிராமின் கீயில் ரைட் கிளிக் செய்து, எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பைலாகச் சேமித்த பின்னரே கை வைக்கவும். அந்த பைலை டபுள் கிளிக் செய்தால் பழைய மதிப்புகள் திரும்பிவிடும். இருக்கும் ஒரு வரியின் வகையை ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் மாற்ற முடியாது. அதனை நீக்கிவிட்டு, சரியான வகையில் அதே பெயரில் புதிதாக உருவாக்க வேண்டும். டிவேர்ட் மதிப்பு கொடுக்கையில் டெசிமல் என்பதனைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ஹெக்ஸாடெசிமல் என்றே விட்டுவிட்டு 10 என்று கொடுத்தால் அது 16 ஆகப் பதியும்.

8. புரோகிராம் எழுதியவருக்குத் தெரிவியுங்கள். பதிப்பு எண், எந்தப் பதிப்பிலிருந்து அப்டேட் செய்தீர்கள், எந்த செட்டிங்கை மாற்றிய பின் வந்தது என்ற மூன்று விவரங்களும் இருந்தால் அவர் விரைவாகக் கண்டுபிடித்து விடுவார்.

இந்த வாரமே செய்யக் கூடிய வேலை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் கணக்கு, முகவரிகள், பில்கள் எந்தப் புரோகிராமில் உள்ளன, அவற்றின் டேட்டா பைல் எந்த போல்டரில் இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி மானிட்டர் அருகில் ஒட்டி வையுங்கள். புரோகிராம் தந்தவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். வாரம் ஒருமுறை அந்த போல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுங்கள். அண்ணாச்சி இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கடை சாத்தும் முன் இதைச் செய்துவிடுகிறார். எர்ரர் 13 மறுபடி வந்தால் என்ன செய்வது என்ற காகிதமும் கல்லாப் பெட்டியில் இருக்கிறது.